எல் ஆல்டோவில் ஏறுவதும் இறங்குவதும்: லாய்டு ஏரோ போலிவியானோ முதல் போவா வரை (அனுபவப் பகிர்வு)

டிஸ்பேட்ச் மேசை:
விமானத்தின் எடையையும் வழியையும் திட்டமிடும் மேசையிலிருந்து பேசுகிறேன். போலிவியாவில் அரசு நடப்பது லா பாஸில். ஆனால் நாட்டின் விமான நிறுவனமாக இருந்த லாய்டு ஏரோ போலிவியானோ (சுருக்கமாக லாய்டு) ஒருநாளும் அங்கே தலைமையகம் வைத்ததில்லை; கொச்சபம்பாவில்தான் வைத்திருந்தது. லா பாஸின் விமான நிலையமான எல் ஆல்டோவில் ஓடுதளத்தின் உயரம் 4,061 மீட்டர். கொச்சபம்பா 2,548. சாந்தா குரூஸின் விரு விரு நிலையம் வெறும் 373. இந்த மூன்று எண்களும் மனதில் இருந்தால் லாய்டின் கால அட்டவணை பாதி புரிந்துவிடும்.

எல் ஆல்டோவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. மெலிந்த காற்றில் வேகமானி குறைத்தே காட்டும்: காக்பிட் மானி 140 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டும்போது விமானம் உண்மையில் ஏறத்தாழ 175 நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஓட்டத் தூரம் நீள்கிறது. இன்ஜின் உந்துவிசையும் குறைவதால் ஓட்டம் இன்னும் நீள்கிறது. 4,000 மீட்டர் ஓடுதளம் அங்கே ஆடம்பரம் இல்லை.

புறப்படும் எடையைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் ஓடுதள நீளம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். பல நாள்களில் கையைக் கட்டுவது ஏறுசரிவுதான், அதாவது முன்னே போகும் தூரத்துக்கு எத்தனை சதவீதம் உயரம் ஏறுகிறது என்பது. ஓர் இன்ஜின் நின்றாலும் இரட்டை இன்ஜின் விமானம் சக்கரத்தை மடக்கிய பின் 2.4 சதவீதம் ஏற வேண்டும். மூன்று இன்ஜின் என்றால் 2.7. ஆனால் மூன்று இன்ஜின் போயிங் 727-ல் ஒன்று போனால் மூன்றில் இரண்டு பங்கு விசை மிஞ்சும், இரட்டை இன்ஜின் போயிங் 737-ல் பாதிதான். லாய்டு 727-களை அவ்வளவு காலம் விடாமல் வைத்திருந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வேன்.

எடை மிஞ்சினால் முதலில் சரக்கை இறக்குவார்கள், பிறகு எரிபொருளைக் குறைப்பார்கள். மாட்ரிட் போன்ற நெடுந்தூரப் பயணத்துக்கு லா பாஸிலிருந்து முழுத் தொட்டியோடு கிளம்ப முடியாது. அந்த விமானங்கள் சாந்தா குரூஸிலிருந்து புறப்படுவது அதனால்தான். குளிர்ந்த காலை நேரப் புறப்பாட்டில் கூடுதல் எடை கிடைக்கும். வெயில் ஏறியதும் அதே விமானம், அதே ஓடுதளம், குறைந்த எடை.

பழைய ஏடு:
அருமையான விளக்கம். வரலாற்றுப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். கொச்சபம்பாவைத் தேர்ந்தெடுத்தது காற்று அல்ல, அங்கே வாழ்ந்த ஜெர்மானியர்கள். நாட்டின் நூற்றாண்டு விழா ஆண்டான 1925-ல், செப்டம்பர் 15 அன்று நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் விமானம் யுங்கர்ஸ் எஃப் 13, நான்கு பயணிகள் உட்காரலாம். பராகுவேயுடன் நடந்த 1932-35 சாக்கோ போரில் லாய்டு விமானங்கள் போர்முனைக்கு ஆளும் பொருளும் கொண்டு போயின. 1941-ல் அரசு கையகப்படுத்தி ஜெர்மன் நிர்வாகத்தை வெளியேற்றியது. அமெரிக்க விமான நிறுவனமான பனாக்ரா உள்ளே வந்தது. 1995-ல் ஏறத்தாழப் பாதிப் பங்கு பிரேசிலின் விமான நிறுவனமான வாஸ்ப் கைக்குப் போனது. 2007-ல் வழக்கமான சேவை நின்றது. 2009-ல் அரசின் புதிய விமான நிறுவனமான போவா, 737-300 விமானங்களோடு, அதே கொச்சபம்பாவிலிருந்து பறக்கத் தொடங்கியது.

அந்த ஊரின் விமான நிலையத்துக்கு லாய்டின் விமானி ஹோர்ஹே வில்ஸ்டர்மான் பெயர்தான். 1949-ல் லாய்டு ஊழியர்கள் தொடங்கிய கால்பந்துக் கழகத்துக்கும் அதே பெயர். ஒரு விமான நிறுவனம் தன் ஊரோடு இந்த அளவுக்குப் பின்னிக் கிடந்ததை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

ஹேங்கர்:
சக்கரத்தையும் பிரேக்கையும் யாரும் சொல்லவில்லையே.

டயரில் வேக வரம்பு பொறித்திருக்கும். மணிக்கு 225 மைல் என்றால் 195 நாட். அது தரைவேகத்துக்கான வரம்பு, மானி காட்டும் வேகத்துக்கு அல்ல. மேசைக்காரர் சொன்ன 175-ல் பின்காற்று 10 நாட் சேர்த்தால் மிச்சம் பத்துதான். பிரேக் விழுங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், கடல் மட்டத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சூடு. இறங்கி, அவசரமாகத் திருப்பி, மறுபடி ஓடினால் சக்கரத்தின் உருகு அடைப்பான் உருகிக் காற்று இறங்கிவிடும். ஆகவே பிரேக் ஆறும் நேரத்தை அட்டவணையிலேயே வைக்க வேண்டும்; தாமதத்தை ஈடுகட்ட அதில் கைவைக்கக் கூடாது.

அடுத்தது கேபின் அழுத்தம். கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் வெளியே எந்த உயரத்து அழுத்தத்துக்குச் சமமோ, அதுதான் கேபின் உயரம். மற்ற ஊர்களில் விமானம் இறங்கும்போது கேபின் உயரமும் இறங்கும். இங்கே விமானம் இறங்க இறங்கக் கேபின் 8,000 அடியிலிருந்து ஓடுதள உயரமான 13,325 அடிக்கு ஏறுகிறது. எச்சரிக்கை ஒலி வழக்கமாக 10,000 அடியில், ஆக்சிஜன் முகமூடி விழுவது 14,000 அடியில். அதனால் உயர நிலையங்களுக்கான மாற்றமைப்பு செய்த விமானம்தான் இங்கே வரவேண்டும். அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியில் இறங்குதள உயரத்தைத் தவறுதலாகச் சாந்தா குரூஸுக்கு வைத்துவிட்டால், தரை தொட்டதும் மிச்ச அழுத்தம் ஒரேயடியாக வெளியேறிக் காது வலிக்கும். அழுத்தம் தீரும்வரை கதவும் திறக்காது. புறப்படும்போது எல்லாம் தலைகீழ்: விமானம் ஏறும், கேபின் இறங்கும்.

டிஸ்பேட்ச் மேசை:
ஹேங்கர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தரும் இரசாயனப் பெட்டி பல விமானங்களில் சுமார் 12 நிமிடம்தான் தாங்கும். அழுத்தம் போனால் 10,000 அடிக்கு இறங்கு என்பது பொது விதி. ஆல்டிப்ளானோ என்ற ஆண்டிஸ் மேட்டுநிலத்தில் தரையே 12,000 அடிக்கு மேல்! எனவே வழித்தடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தப்பும் பாதையை முன்கூட்டியே வரைந்து வைக்கிறோம்: கிழக்கே தாழ்நிலம், மேற்கே சிலியின் அரிக்கா கடற்கரைப் பக்கம். எந்தப் புள்ளியைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது விமானியின் தாளில் எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் யோசிக்க நேரம் இருக்காது.