ரயில்வே சப்வேல தண்ணி நிக்குது, எம்.பி. பார்லிமெண்ட்ல கேட்டா ஏதாவது நடக்குமா?

வயக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல ரயில் பாதை. முன்னாடி கேட் இருந்துச்சு, அத எடுத்துட்டு சப்வே வந்துச்சு. வெயில் காலத்துல ஒரு குறையும் இல்ல. ஐப்பசி பொறந்துட்டா இடுப்பளவு தண்ணி, போன தடவ பதினோரு நாள் வடியவே இல்ல. பால்காரர் கேன ஒவ்வொண்ணா தோள்ல வெச்சு தண்டவாளத்து மேல ஏறி அந்தப் பக்கம் எறக்கறாரு, பின்னாடியே பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க செருப்ப கையில புடிச்சுகிட்டு ஜல்லி மேட்டுல ஏறுதுங்க, அந்த எடம் வளைவு வேற, ரயில் வர்றது கடைசி நேரத்துலதான் தெரியும். என் தங்கச்சிக்கு வலி எடுத்த ராத்திரி 108 வண்டி சுத்திகிட்டு வர முக்கா மணி நேரம் ஆச்சு, அத நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. கட்டினவங்களக் கேட்டா தண்ணி எறைக்கறது எங்க வேலை இல்லைங்கறாங்க, இன்னொருத்தரக் கேட்டா கட்டினவங்கதான் பாக்கணும்ங்கறாங்க. திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மூணு மனு குடுத்தாச்சு. எங்க எம்.பி. "எழுதிக் குடுங்க, சபையில கேக்கறேன்"னு சொல்லிருக்காரு. என்ன எழுதிக் குடுக்கணும்? கேட்டா உண்மையிலேயே பலன் இருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையகோப்பு:
தம்பி, நான் மாநில அரசு ஆபீஸ்ல கிளார்க்கா சேந்து சூப்பிரண்டா ரிட்டையர் ஆனவன். உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன். மனு வந்தா சீல் போட்டு கீழ அனுப்புவோம், கீழ இருந்து ஒரு வரி பதில் வரும், அதோட முடிஞ்சுது. சட்டமன்ற வினா வந்தா அப்படி இல்ல. "மிக அவசரம்"னு சீட்டு ஒட்டி வரும், சாயங்காலத்துக்குள்ள பதில் போயாகணும், லீவுல இருக்கற ஏ.இ.க்கு (உதவிப் பொறியாளர்) போன் போட்டு நேரா எடத்துக்கு அனுப்புவாங்க, அவரு டேப்ப வெச்சு அளந்து குறிச்சுகிட்டு வருவாரு. ஏன்னா அமைச்சர் எந்திரிச்சு பதில் சொன்னதும் என்ன துணைக் கேள்வி வருமோன்னு யாருக்கும் தெரியாது, அதுக்கும் சேத்து குறிப்பு எழுதி வெக்கணும். பத்து வருசமா கெடந்த ஃபைல தூசி தட்டி எடுக்கறத நான் என் கண்ணால பாத்திருக்கேன்.

ஆனா கேக்கற விதம் இருக்கு. "அரசு ஆவன செய்யுமா?"ன்னு கேட்டா "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்"னு எழுதிட்டு நாங்க வீட்டுக்குப் போயிருவோம். இந்த சப்வேல தண்ணி எறைக்கற பொறுப்பு யாருது, அந்தப் பொறுப்ப எந்தத் தேதியில எந்த உத்தரவுல யாருகிட்ட ஒப்படைச்சாங்க, மோட்டார் போட்டிருக்கா, கடைசியா எப்ப ஓடுச்சு, இப்படிக் கேக்கச் சொல்லுங்க. தேதி கேட்டா தேதிதான் எழுதணும், பரிசீலிக்கறோம்னு எழுத முடியாது.

சவுத்அவென்யூ:
அய்யா சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஒரு எம்.பி. கிட்ட உதவியாளரா இருந்தேன், டெல்லி முறைய சொல்றேன். லோக்சபால காலைல 11லேருந்து 12 வரைக்கும் கேள்வி நேரம். ஸ்டார் போட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20தான், அமைச்சர் நேர்ல பதில் சொல்லணும், அதுலயும் நேரம் போயிடறதால பாதி கேள்விக்கு மேல போறதே கஷ்டம். ஸ்டார் இல்லாதது 230, எழுத்துல பதில் வரும். 15 நாள் முன்னாடியே நோட்டீஸ் குடுக்கணும், ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு 5 நோட்டீஸ்தான் குடுக்கலாம், 150 வார்த்தைக்கு மேல போகக் கூடாது, யாரோடது மொதல்லன்னு குலுக்கல்ல எடுப்பாங்க. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்துல ஒரு நாள், அந்த நாளுக்குத்தான் அனுப்பணும். ஸ்டார் கெடைக்கலன்னு மனசு விட்ராதீங்க, உங்க வேலைக்கு எழுத்துல வர்ற பதில்தான் நல்லது, பார்லிமெண்ட் வெப்சைட்ல ஏறிரும், பிரிண்ட் எடுத்து கலெக்டர் முன்னாடி வெக்கலாம். இன்னொண்ணு, ஊர்ப் பிரச்சினைய சபையில எழுப்பறதுக்கு 377 விதி இருக்கு, அதையும் உங்க எம்.பி. ஆபீஸ்ல ஞாபகப்படுத்துங்க. சப்வேக்குப் போற ரோடும் வடிகாலும் மாநிலத்தோடதா இருந்தா அத எம்.எல்.ஏ. சென்னைல கேக்கணும். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல கேட்டா பந்த அந்தப் பக்கம் தள்ள முடியாது.

கரிசல்மண்:
எங்க தொகுதியில ஆஸ்பத்திரி கேட்டு மூணு கூட்டத்தொடர் கேள்வி போயிருச்சு, மூணு தடவையும் பரிசீலனை பரிசீலனைன்னே வந்துச்சு. ஜனங்களுக்கு நம்பிக்கையே போச்சு. கேக்கறதோட சரி, அப்புறம் எவரும் திரும்பிப் பாக்கறதில்ல.

சவுத்அவென்யூ:
உங்க வேதனை புரியுது, நாங்களும் பட்டிருக்கோம். ஆனா "பரிசீலிக்கப்படும்", "தகவல் திரட்டப்பட்டு வருகிறது"ன்னு பார்லிமெண்ட்ல அமைச்சர் சொன்னா அது உறுதிமொழிக் கணக்குல சேரும், மூணு மாசத்துல நிறைவேத்தணும், முடியலன்னா டைம் கேட்டு எழுதணும், அதப் பாக்கறதுக்கே ஒரு குழு இருக்கு. தமிழ்நாட்டுலயும் அரசு உறுதிமொழிக் குழுன்னு இருக்கு, மாவட்டத்துக்கு நேர்லயே வருவாங்க. உங்க ஜில்லாவுக்கு வர்றப்ப அந்த மூணு பதிலையும் கையில எடுத்துட்டுப் போங்க. கேள்விய சாதாரணமா நெனைக்காதீங்க, 1957ல எல்.ஐ.சி. பணத்த முந்த்ராங்கற தொழிலதிபரோட கம்பெனிகள்ல போட்டதப் பத்தி சபையில கேட்ட கேள்விலதான் ஆரம்பிச்சுது, அத விசாரிக்க நீதிபதி சாக்ளா கமிஷன் வந்து, 1958ல நிதியமைச்சரா இருந்த நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரியே ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு.

பழையகோப்பு:
வயக்காட்டான் தம்பி, ஒண்ணு விட்டுப் போச்சு. "தண்ணி அதிகமா நிக்குது"ன்னு எழுதாதீங்க. எத்தன அடி, எந்தத் தேதிலேருந்து எந்தத் தேதி வரைக்கும்னு எழுதுங்க. எடத்துக்கு வர்ற இஞ்சினியர் வெயில் நாள்ல வந்தா தரை காஞ்சு கெடக்கும், தண்ணியே இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவாரு.

வயக்காட்டான்:
ரொம்ப நன்றிங்கய்யா, எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு சாயங்காலமே பசங்களோட சப்வேக்குப் போயிட்டு வந்தேன். போன வருசத் தண்ணி நின்ன கறை செவுத்துல இன்னும் அழியாம இருக்கு, தரையிலேருந்து 3 அடி 4 அங்குலம், டேப்ப வெச்சு ஃபோட்டோ எடுத்தாச்சு. பால் சொசைட்டி நோட்டுல எந்தெந்த நாள் பால் லேட்டா வந்துச்சுன்னு தேதி போட்டு எழுதிருக்காங்களாம், நாளைக்குக் காட்டறேன்னு செக்ரட்டரி சொல்லிருக்காரு. குளிர்காலக் கூட்டத்துக்கு முன்னாடி எம்.பி. ஆபீஸ்ல குடுத்துடறோம். எழுதினத இங்க போடறேன், ஒரு தடவ பாத்துத் திருத்திக் குடுங்கய்யா.