‘கிராங்க்’ என்ற வினைக்குத் தமிழ்

சேலத்திலிருந்து:
அன்புடையீர், வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேட்டில் ஓர் அட்டவணை திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு பழுதுகள். சாவியைத் திருப்பினால் என்ஜின் அசைவதே இல்லை என்பது ஒன்று; என்ஜின் சுற்றுகிறது, ஆனால் தானாக ஓடத் தொடங்குவதில்லை என்பது மற்றொன்று. பழைய பதிப்பில் இரண்டுக்கும் ‘தொடங்கவில்லை’ என்றே இருக்கிறது. விளைவு, விறுவிறுவென்று சுற்றும் என்ஜினுக்குப் பையன்கள் பேட்டரியைக் கழற்றுகிறார்கள். டீசல் வருகிறதா என்று பார்ப்பதில்லை. சாவியைத் திருப்பி என்ஜினைச் சுற்றவைப்பதை ஆங்கிலத்தில் ‘கிராங்க்’ என்கிறார்கள்; அதற்கு ஒரு சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:
வணர்த்துதல். ‘வணர்கோட்டுச் சீறியாழ்’ என்கிறது புறநானூறு 155. வணர் என்றால் வளைவு. கிராங்க் என்பதும் வளைந்த தண்டுதானே? வணரி, வணரித்தண்டு, வணர்த்தி எனக் குடும்பமே கிடைத்துவிடும்.

நாகர்கோவிலிலிருந்து:
‘என்ஜினை வணர்த்தினான்’ என்றால் வளைத்துவிட்டான் என்றல்லவா பொருள்! சுழல், சுழற்று என்று தன்வினையும் பிறவினையும் கையில் இருக்கும்போது யாழை ஏன் இழுக்கவேண்டும்?

கோவையிலிருந்து:
பட்டறையில் இந்தக் குழப்பமே கிடையாது. செல்ஃப் என்பது என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்றால் பேட்டரி, அதன் டெர்மினல், ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சொலினாய்டு என்று பார்க்கவேண்டும். 12.6 வோல்ட் காட்டும் பேட்டரியும் சாவியைத் திருப்பியதும் ஒன்பதுக்குக் கீழே விழுந்தால் அதில் சத்து இல்லை. ‘செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை’ என்றால் எரிபொருள் அல்லது தீப்பொறி. இதைவிட என்ன வேண்டும்?

மதுரையிலிருந்து:
செல்ஃப் தமிழா? 1912இல் காடிலாக் காரில் பொறியாளர் கெட்டரிங் மின் தொடக்கியைப் பொருத்தியபோது, கைப்பிடி போட்டுச் சுற்றுவது ஒழிந்தது. ‘தானாக’ என்ற பெருமை அங்கே ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய பெருமையை நாம் ஏன் சுமக்கவேண்டும்?

நாகர்கோவிலிலிருந்து:
ஒழிந்த கைப்பிடியின் வளைவைத்தானே நீங்களும் சுமக்கிறீர்கள், ஐயா?

கோவையிலிருந்து:
‘சுழலவில்லை’ என்பதில் ஒரு பொத்தல். ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் என்ஜினோடு சேர்ந்த ஃப்ளைவீல் சக்கரத்தில் கொக்காவிட்டால் மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று வெறுமனே சுற்றும், என்ஜின் அசையாது. எது சுழலவில்லை என்று எழுதாவிட்டால் பையன் மறுபடியும் பேட்டரியைத்தான் கழற்றுவான்.

சேலத்திலிருந்து:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அப்படியானால் ‘என்ஜின் சுழலவில்லை’, ‘என்ஜின் சுழன்றும் இயங்கவில்லை’ என்று போடுகிறேன். அடைப்புக்குள் செல்ஃப் இருக்கும். ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றுவது தனி வரிசை. ‘இயங்குதல்’ அசைவையும் குறிக்கும் என்று யாராவது தொடங்குவதற்குள் அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:
குறிக்கும்தான். இருந்தாலும் அனுப்புங்கள்.

மதுரையிலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வினையைச் ‘சுழல்’ என்று முடித்துவிட்டீர்கள். அடுத்த அத்தியாயத்தில் கிராங்க் ஷாஃப்ட் வருகிறதே, அதைச் சுழல்தண்டு என்பீர்களா? அப்போது வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மட்டும் சுழலாமலா நிற்கிறது?