புதுப்பிப்பு: அல்சூர் தெருவின் கழிவுநீர் அடைப்பு

மழையில்லாத நாளிலும் பெங்களூரில் எங்கள் அல்சூர் தெருவின் மேன்ஹோல் பொங்கி வழிவதை முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெரிந்துவிட்டது. குழாயிலிருந்து வெட்டியெடுத்தது சேறு அன்று, சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலைக் காம்பும் பதிந்து, சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகிய கொழுப்பு. கழிவுநீரில் எண்ணெய் கொழுப்பு அமிலமாகச் சிதைந்து, கான்கிரீட்டிலிருந்து கரையும் கால்சியத்துடன் சேர்ந்து இறுகுவதால், சிலர் சொன்னபடி வெந்நீர் ஊற்றினால் அடைப்பு குழாயில் சற்றுத் தள்ளி நகருமே தவிரத் தீராது. லண்டன் ஒயிட்சேப்பலில் 2017இல் இப்படித் திரண்டது சுமார் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை.

மூலை மெஸ்காரர் பாத்திரம் கழுவுமிடத்தில் கொழுப்புத் தொட்டி வைத்துவிட்டார். நீர் அதில் வேகம் தணிந்து ஆறும்போது எண்ணெய் மேலே மிதக்க, பருக்கைகள் அடியில் படிய, இடைப்பட்ட நீர் மட்டும் வெளியேறுகிறது. மிதக்கும் கொழுப்பும் அடிப்படிவும் தொட்டியில் கால் பங்கை எட்டுவதற்குள் வழித்தெடுக்காவிட்டால் தொட்டி இருந்தும் பயனில்லை; பெரும்பாலான இடங்களில் தவறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். பொரித்து மிஞ்சிய எண்ணெயை அவர் டின்னில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்குவோரிடம் கொடுக்கிறார். வீடுகளில் வாணலியைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்தாலே பெரும்பகுதி குழாய்க்குப் போகாது.

அடைப்பெடுக்கப் பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் இறப்புகள் தொடர்வதால், எதிர்வரிசைக் கடைக்காரர்களிடமும் தொட்டி வைக்கும்படி கேட்டுவருகிறேன்.