தாத்தா, வாத்தியார், மேட்ச் பைத்தியம்: உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தாரா?

பெல்ஸ்ரோடு_பையன்:

போன வருஷம் தாத்தா தவறிட்டாரு. அதப்பத்தி எழுத வரல. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வீட்டுக்கு ஒருத்தர் வந்தாரு, அவர் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, அதான் போட்டு உறுத்துது.

தாத்தா திருவல்லிக்கேணில ஒரு ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். சேப்பாக்கத்துல டெஸ்ட்னா தூக்குல தயிர்சாதம் எடுத்துட்டு கிளம்பிடுவாரு, நீள லெட்ஜர் நோட்டுல பால் பை பால் ஸ்கோர் எழுதுவாரு, ரன் வராத பாலுக்கும் பென்சில்ல ஒரு புள்ளி. அவருக்கு சாமின்னா அது ஜி.ஆர்.விஸ்வநாத்தான். 1975 பொங்கல் டெஸ்ட், வெஸ்ட் இண்டீஸ், ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட், நம்ம டோட்டலே 190, அதுல விஷி மட்டும் 97 நாட் அவுட். கேஷுவல் லீவ் போட்டுட்டுப் போய் பாத்தாராம். அதுக்கப்புறம் எவனாவது 97 வாங்கிட்டு மூணு மார்க் எங்க சார் போச்சுன்னு நின்னா, "விஸ்வநாத்துக்கே கெடைக்கல, உனக்கென்னடா, போய் உக்காரு" அவ்ளோதான்.

கடைசி ரெண்டு மூணு வருஷம் மறதி. என்னயே எங்க அப்பா பேர் சொல்லித்தான் கூப்புடுவாரு. அப்போதான் ஒரு சாயங்காலம் பெல் அடிக்குது, அறுபதத் தாண்டின ஒருத்தர், வெள்ள அரைக்கை சட்ட, கையில சாத்துக்குடி பை, "சார் இருக்காருங்களா, அவர்கிட்ட படிச்சவன்"னாரு. உள்ள கூட்டிட்டுப் போனேன். தாத்தா கண்ணாடிய ஏத்திவிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு ஒரு பேரச் சொன்னாரு. அந்தப் பேரு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல் டீம்ல லெஃப்ட் ஆர்ம் ஸ்பின் போட்ட பையன், படிக்கும்போதே மெரினாவுல அலையில போயிட்டான், தாத்தா அதுக்கப்புறம் பீச் பக்கம் எங்கள விட்டதே இல்ல.

வந்தவரு ஒரு செகண்ட்தான் நின்னாரு. அப்புறம் நேரா நிமிந்து "பிரசன்ட் சார்"னாரு.

"ஏண்டா இத்தன நாளா வரல?"
"ஜுரம் சார்."
"உடம்ப பாத்துக்கோ. ஞாயித்துக்கெழம மேட்ச் இருக்கு, நீதான் ஓபனிங் ஸ்பெல்."
"சரி சார்."

காபி போட்டு எடுத்துட்டு வரதுக்குள்ள கிளம்பிட்டாரு. பேர் சொல்லல, நம்பர் குடுக்கல. அந்தப் பையன இவருக்குத் தெரியுமா, இல்ல வயசானவர் ஏதோ கேக்கறாரேன்னு சமாளிச்சாரா? தாத்தா அன்னிக்கு ராத்திரி ரெண்டு இட்லி கூடவே சாப்பிட்டாரு. எழுபதுகள்ல திருவல்லிக்கேணில படிச்சவங்க வீட்ல யாராவது இருந்தா கேட்டு சொல்லுங்களேன்.

டீக்கடை_பெஞ்ச்:

படிச்சிட்டு கொஞ்ச நேரம் கம்முனு இருந்தேன் ப்ரோ. ஆனா ஒண்ணு இடிக்குது. அந்த டெஸ்ட் ஆரம்பிச்சது 1975 ஜனவரி 11, அது சனிக்கிழம. ரெண்டாம் நாள் ஞாயிறு, அப்புறம் பொங்கல். கேஷுவல் லீவ் எதுக்கு? விஷி 97 அடிச்சது மொத இன்னிங்ஸ்ல, மொத நாளே ஆடினோம். நான் குத்தம் சொல்லல, இந்த மாதிரி விஷயம் எல்லாம் சரியா இருக்கணும்ல.

எங்க தாத்தாவும் வாத்தியார்தான், சரித்திரம். 1999ல பாகிஸ்தான் 12 ரன்ல ஜெயிச்சப்போ அவரும் சேப்பாக்கத்துல எழுந்து நின்னு கைதட்டினவரு. அத எல்லாரும் சொல்லியாச்சு, நான் சொல்ல வந்தது வேற. வெளில வந்து வாலாஜா ரோட்ல நடக்கும்போது அவரு அழுதாரு, சச்சின் 136 அடிச்சிட்டு முதுகு வலியோட அவுட் ஆனதுக்கு. உள்ள கைதட்டு, வெளில அழுகை. ஏன் தாத்தா அங்கயே அழலன்னு கேட்டா, விருந்தாளி எதிர்ல அழக்கூடாதுடான்னாரு.

வியாசை_லெஃப்ட்விங்:

எல்லாரும் கிரிக்கெட்டா? எங்க ஏரியாவுல ஃபுட்பால் தவிர வேற பேச்சே கெடையாது. எங்க தாத்தா தமிழ் வாத்தியார், பரீட்ச ஹால்ல அவர் வந்தாலே பிட்டு வச்சிருக்கவன் வாயில போட்டு முழுங்கிருவான், அவ்ளோ ஸ்ட்ரிக்ட்டு.

1986 வேர்ல்ட் கப், அர்ஜென்டினா இங்கிலாந்து குவார்ட்டர் ஃபைனல், நம்ம டைம்க்கு ராத்திரி பதினொன்றரை. தெருவுல எங்க வீட்லதான் டிவி, பிளாக் அண்ட் ஒயிட், திண்ண வரைக்கும் ஆளுங்க. மரடோனான்னா தாத்தாவுக்கு உசுரு. செகண்ட் ஹாஃப்ல அந்த கோலு. எல்லாரும் கத்துறானுங்க, எங்க சித்தப்பா பக்கத்து வீட்டுக்காரன தூக்கி சுத்துறாரு, தாத்தா மட்டும் ஸ்கிரீன் கிட்ட போய் பாக்குறாரு. மறுபடி போட்டுக் காட்டுனதும் "கையில அடிச்சிருக்கான்"னு சொல்லிட்டு டிவிய ஆஃப் பண்ணிட்டாரு. அவ்ளோதான். "எல்லாரும் எழுந்து போங்கடா."

நாலே நிமிஷம்தான் கேப்பு. அடுத்த கோல்தான் பாதி கிரவுண்டுல இருந்து ஆளாளா தாண்டிட்டுப் போய் போட்டான்ல, நூற்றாண்டோட கோலுன்னு ஃபிஃபாவே ஓட்டெடுப்புல சொன்னது, அது. எங்க மொத்த தெருவும் அத மிஸ் பண்ணுச்சு, தாத்தாவால. பின்னாடி நான் போன்ல போட்டு காமிச்சேன், மூஞ்ச திருப்பிக்கிட்டாரு. சாகுற வரைக்கும் அந்த கோல அவர் பாக்கல. ஆனா மரடோனா போட்டோவ அலமாரியில இருந்து எடுக்கவும் இல்ல, அதான் எனக்கு இன்னும் புரியல.

டீக்கடை_பெஞ்ச்:

@வியாசை ரெஃப்ரிக்கு மறைச்சிருச்சு பாஸ், துனிசியாக்காரரு, லைன்ஸ்மேனும் கொடி தூக்கல. அதுக்கு மரடோனா என்ன பண்ணுவாரு.

வியாசை_லெஃப்ட்விங்:

நீ எங்க தாத்தா சூப்பர்வைசரா வந்த ஹால்ல பரீட்ச எழுதினதில்ல, அதான் இப்படி பேசுற.

மந்தைவெளி_மாடிவீடு:

என் தாத்தா இங்கிலீஷ் வாத்தியார். 1986ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியாவோட டை ஆன டெஸ்ட்ல கடைசில மணீந்தர் சிங்குக்கு எல்பி, அதாவது பால் கால்ல பட்டுச்சுன்னு அவுட் குடுத்தாங்களே, அது மொதல்ல பேட்லதான் பட்டுச்சுன்னு கடைசி வரைக்கும் சாதிச்சாரு, வீட்டுக்கு யார் வந்தாலும் பாட்டியோட கரண்டிய பேட்டா புடிச்சு நடிச்சுக் காட்டுவாரு, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக்கூட.

பெல்ஸ்ரோடு, அந்த லெட்ஜர் எல்லாம் இப்ப எங்க இருக்கு? பரண்ல போட்டிருந்தீங்கன்னா இன்னிக்கே இறக்குங்க. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு ரெண்டு மழ போதும், பக்கம் பக்கமா ஒட்டிக்கும். ராமபாணப் பூச்சி பசை இருக்கற இடமாப் பாத்துத்தான் தின்னும், அதனால மொதல்ல பைண்டிங் போகும். எங்க வீட்ல துணியில வசம்பு முடிஞ்சு உள்ள வைப்பாங்க. தயவுசெஞ்சு லேமினேட் பண்ணிடாதீங்க, நல்லா இருக்கும்னு நெனச்சு நெறைய பேர் பண்றாங்க, அந்த சூட்டுல ஒட்டினது திரும்ப பிரிக்கவே வராது. செலோ டேப்பும் வேணாம், கொஞ்ச வருஷத்துல பழுப்பாகி எழுத்தையும் சேத்து எடுத்துரும். பென்சில் எழுத்து நீங்க நெனைக்கறத விட நல்லா நிக்கும், இங்க்தான் தண்ணி பட்டா ஊறும். ஜன்னல் பக்கத்துல வெச்சு, வெயில் நேரா படாம, பக்கத்துக்கு ஒரு போட்டோ எடுங்க, தேதி போட்டு சேவ் பண்ணுங்க, ஒரு காப்பி தங்கச்சி வீட்லயும் இருக்கட்டும். தாத்தா குரல் எதுலயாவது பதிவாயிருக்கான்னும் தேடுங்க, பழைய கல்யாண கேசட் எல்லாத்தையும் போட்டுப் பாருங்க, யாராவது பின்னாடி ஸ்கோர் கேட்டுட்டிருப்பாங்க.

பெல்ஸ்ரோடு_பையன்:

@மந்தைவெளி நன்றிங்க, ஆனா நான் கேட்டது அந்த ஆளு யாருன்னு.

@டீக்கடை எங்க தாத்தா ஸ்கூல்ல சனிக்கிழமையும் அரை நாள் உண்டுன்னு பாட்டி சொல்றாங்க. லெட்ஜர எடுத்துப் பாத்தேன், 11-1-75னுதான் போட்டிருக்கு, ஓரத்துல "சி.எல்." னும் எழுதி வெச்சிருக்காரு, மனுஷன் லீவையும் ஸ்கோர் நோட்டுலயே எழுதியிருக்காரு. போதுமா?

டீக்கடை_பெஞ்ச்:

அரை நாளுக்கு முழு சி.எல். எதுக்குன்னு கேக்க மாட்டேன், விடுங்க.

ஐஸ்ஹவுஸ்_ஆஃப்ஸ்பின்:

லேட்டா பாத்தேன். எங்க பெரியப்பா எழுபதுகள்ல அங்கதான் ஏதோ ஒரு ஸ்கூல்ல படிச்சாரு, கிரிக்கெட்டும் ஆடினாரு. மெரினாவுல ஒரு பையன் போனத சொல்லியிருக்காரு, அந்தக் காலத்துல வருஷத்துக்கு ரெண்டு மூணு அப்படி நடக்குமாம், அதே பையனான்னு தெரியாது. ஞாயித்துக்கெழம போய் கேட்டுட்டு வந்து எழுதறேன். ஆனா அவருக்கும் இப்ப எழுபதுக்கு கிட்ட ஆகுது, எதக் கேட்டாலும் "ஆமா, நானும் அங்கதான் இருந்தேன்"பாரு. 1952ல சேப்பாக்கத்துல இங்கிலாந்துக்கு எதிரா நம்ம வினூ மன்கட் 8 விக்கெட் எடுத்தப்பவும் அங்கதான் இருந்தாராம், அப்போ பொறந்தே இருந்தீங்களா பெரியப்பான்னு கேட்டா கோவம் வரும். அதனால ஸ்கூல் பேர மட்டும் எனக்குத் தனியா அனுப்புங்க, நான் சொல்லாம அவரே சொல்றாரான்னு பாக்கறேன்.