ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் திடலில் ஆட என்ன ஆயத்தம் வேண்டும்?

செந்தூல் பையன்: மே மாதம் அப்பாவை அழைத்துப் போகிறேன். கோலாலம்பூரின் ஈரப் புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். அங்கே எப்படி? இடம் கிடைக்குமா?

பினாங்கு அண்ணன்: இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கலில் பெயர் கொடுங்கள் தம்பி. குறைந்தது இருவர் வேண்டும். ஞாயிறு பொதுவாக ஆட்டம் இல்லை. எனக்கு மூன்றாம் நாள்தான் பெயர் விழுந்தது. மணல் தரை, கட்டாந்தரைபோல இறுகியிருக்கும். பந்தைத் தூக்காமல் உருட்டுங்கள். முப்பது கெஜத்திலிருந்து பட்டரால் (பந்தை உருட்டும் மட்டை) தட்டினேன். மேடேறி, வளைந்து, கொடியருகே நின்றது. இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அப்புறம், 18 குழிக்கு 11 கிரீன்தான் (குழியைச் சுற்றிய குறும்புல் பரப்பு); சிலவற்றை இரண்டு குழிகள் பகிர்கின்றன, அதனால் உங்கள் குழியின் கொடியைப் பார்த்து அடியுங்கள்.

பங்சார் அக்கா: 14ஆம் குழியில் ‘ஹெல்’ பங்கர் என்ற மணல் பள்ளம் இருக்கிறது. விழுந்தால் பக்கவாட்டில் வெளியேறுவதே மேல். கேடி (பையைச் சுமந்து வழிகாட்டுபவர்) வைத்துக்கொள்வது நல்லது.

செந்தூல் பையன்: சரி அண்ணே, நான்கு நாள் தங்குகிறோம். நன்றி அக்கா.