புதுப்பிப்பு: முழங்கால் எம்ஆர்ஐ முடிவு வந்துவிட்டது

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஆனால் படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது, எம்ஆர்ஐ தேவையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். குருத்தெலும்பில் (மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான திசு) சேதம் இருக்கிறது.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு நேரடியாகத் தெரியாதாம். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தால்தான் சந்தேகமே வரும். எம்ஆர்ஐ படத்தை மருத்துவர் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். மூட்டு நீர் பளிச்சென்று வெள்ளை, குருத்தெலும்பு சாம்பல் நிறப் பட்டை. முழங்கால் சில்லுக்குப் பின்னால் அந்தப் பட்டையின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு. விரிசலுக்குள் நீர் புகுந்திருக்கிறது! விரிசல் பட்டையின் பாதி ஆழத்தைத் தாண்டிவிட்டதால், சேதத்தின் தீவிரம் 3ஆம் நிலை.

மேலோட்டமான சிறு சேதங்களை எம்ஆர்ஐ தவறவிடுவதும் உண்டு என்றார். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, தானாக ஆறுவது கடினம். சரி, இப்போதைக்குத் தொடைத் தசைப் பயிற்சி. எடுத்துப் பாருங்கள் என்று வற்புறுத்திய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.