ஜெல்லிமீன் கொட்டி 24 நாள், அரிப்பு மறுபடியும் வருகிறது: உதவி தேவை

என் தம்பிக்கு (வயது 19) தாய்லாந்தின் கோ பங்கன் தீவில் பாக்ஸ் ஜெல்லிமீன் கொட்டியது. மாலை ஐந்தரை மணி இருக்கும், இடுப்பளவு தண்ணீர்தான். இடது கெண்டைக்காலில் இழை சுற்றிக்கொண்டது. சாட்டையால் அடித்த மாதிரி வலி என்று கத்தினான்.

நல்ல வேளை, கடற்கரையிலேயே ஒரு கம்பத்தில் வினிகர் பாட்டில் இருந்தது. அரை நிமிடத்துக்கு மேல் ஊற்றினோம். ஒருவர் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவ வந்தார், தடுத்துவிட்டேன். நல்ல தண்ணீர் பட்டால், தோலில் ஒட்டி வெடிக்காமல் மிச்சமிருக்கும் ஜெல்லிமீனின் கொட்டும் செல்களும் வெடித்து விஷத்தை இறக்கிவிடும். பெரிய பாக்ஸ் ஜெல்லிமீனின் விஷம் சில நிமிடங்களில் இதயத்தையே நிறுத்திவிடும் என்பதால் அன்று இரவு முழுக்க எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. மருத்துவமனையில் 6 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். ஈசிஜி சரியாக இருந்தது.

சென்னை திரும்பியதும் வலி போய்விட்டது. ஆனால் 12-ஆம் நாள், இழை பட்ட இடத்தில் இருந்த ஏணிப்படி போன்ற தழும்புகள் சிவந்து, தடித்து, சின்னக் கொப்புளங்களோடு தாங்க முடியாத அரிப்பு. தோல் மருத்துவர் இது தாமதமாக வரும் ஒவ்வாமை என்றார். செட்ரிசின் (ஒவ்வாமைக்கான மாத்திரை), ஸ்டீராய்டு களிம்பு, ஐஸ் ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. களிம்பை நிறுத்தினால் இரண்டே நாளில் திரும்ப வருகிறது. காய்ச்சல், மூச்சுத்திணறல் இல்லை.

உங்களில் யாருக்காவது இப்படித் தாமதமாக அரிப்பு வந்திருந்தால், எந்தச் சிகிச்சையில், எத்தனை நாளில் முழுசாக அடங்கியது?